கீழூரில் ஓட்டுப் போட்டவர்கள் யார்?

புதுச்சேரி முதலமைச்சர் அவர்களுக்கு,

கிராமப் பெண்களின் முன்னேற்றம் என்றாலே கடன், மானியம், பயிற்சி என்று அரசு அடுக்குகிறது. மூன்றும் வேண்டியவைதான். நாலாவதாக ஒன்று பாக்கி நிற்கிறது: ஊர்க் காரியத்தில் முடிவெடுக்கும் அதிகாரம்.

காந்தி திடலில் மகளிர் குழுக்கள் கடை போடும் நாளில் ஒருமுறை பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாகூர் பக்கத்துப் பெண் ஒருவர் ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவே குழுவின் தீர்மான நோட்டை வைத்திருந்தார். யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை பாக்கி, கூட்டத்துக்கு வராதவருக்கு எவ்வளவு அபராதம் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தது. பல அலுவலகக் கோப்புகளைவிட ஒழுங்கு. கடைசிப் பக்கத்தில் ஒரு மனுவின் நகல்: மிளகாய் காயவைக்க ஊரில் ஒரு சிமென்ட் களம் வேண்டும். "அங்க குடு, இங்க குடுன்னு அலைய விட்டாங்க சார். எங்க ஊருக்குன்னு கேக்க ஆளு இல்லையே" என்றார்.

ஆள் இல்லைதான். 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து, அதுவும் நீதிமன்றம் வரை போய்த்தான், 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்து, இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நிறுத்தினார்கள். 98 கிராமப் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில். 2006-இல் பிறந்த பிள்ளை இன்று எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போடலாம். வார்டு உறுப்பினருக்குப் போட வழியில்லை.

இத்தனைக்கும், பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களும்தான் அவர்கள். பிரெஞ்சுக் காலத் தேர்தல்கள் அடிதடிக்குப் பேர்போனவை, மறுக்கவில்லை. ஆனாலும் கவுன்சிலர்களின் ஓட்டில் இந்தியாவில் சேர்ந்த மண் இது. சட்டப்படியான இணைப்பு நாளென்று ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-இல் கீழூரில் கொடியேற்றுகிறோம், கவுன்சிலரைத்தான் காணோம்.

கவுன்சிலரானால் பெண்களுக்கு நிர்வாகம் வருமா என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. 1990-களின் கடைசியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம். நடத்தியவர்கள் ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினத்தில் கணினியில் வந்த அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். உயிரை நம்பி ஒப்படைத்த இடத்தில் ஒரு களத்துக்கான தீர்மானத்தை ஒப்படைக்க என்ன தயக்கம்?

இடஒதுக்கீட்டுக் கணக்கை முடித்துத் தேர்தல் தேதியை அறிவியுங்கள். அதுவரை கிராமசபையைத் தவறாமல் கூட்டி, குழுத் தலைவிகளையும் ஊர் இளைஞர்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து, ஊருக்கு வந்த பணத்தின் கணக்கை அதிகாரிகள் வாசிக்கட்டும். எந்த வேலை முதலில் என்பதைத் தலைவிகளும் இளைஞர்களும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டைவாசி ஒருவர்