நம்பி வந்தவர்களுக்கு நாம் பட்ட கடன்



ஆவியின் வரங்கள் என்றவுடன் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் சுகமளித்தலுமே நம் நினைவுக்கு வருகின்றன. பவுல் அப்போஸ்தலனோ 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தில் உதவி செய்வதையும் நிர்வகிப்பதையும் அவற்றோடு சேர்த்தே எண்ணுகிறார். அன்பில்லாவிட்டால் எந்த வரமும் வீண் என்று அடுத்த அதிகாரத்தில் எச்சரிக்கிறார். வரத்தைப் பயன்படுத்துகையில் அந்த அன்பு எப்படி இருக்கும்? நம் தஞ்சாவூரிலேயே அதற்கொரு சாட்சி உண்டு.

சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி. தமிழ், மராத்தி, பாரசீகம் எனப் பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவர். 1798-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்ததும் தஞ்சையிலேதான். நாவன்மையும் போதகமும் அவர் பெற்ற வரங்கள். அவற்றின் மெய்யான பயன் 1780-களின் தொடக்கத்தில், ஹைதர் அலியின் படையெடுப்பால் காவிரிச் சமவெளி பாழான நாட்களில் வெளிப்பட்டது.

கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோயிற்று. சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்தனர்; விடியும்போது வீதிகளில் பிணங்கள் கிடந்தன. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. ஏற்றிவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்த குடிகளோ அரசரின் வாக்கையும் கம்பெனியாரின் வாக்கையும் நம்பவில்லை. நம் இருவர் சொல்லுக்கும் மதிப்புப் போயிற்று, இனி ஐயரை நம்புகிறார்களா பார்ப்போம் என்று மன்னரே கூறும் நிலை வந்தது. ஐயர் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார்: கூலியைத் தம் கையாலேயே தருவதாகவும், பகைவர் பிடித்துக்கொள்ளும் மாட்டுக்கும் விலை கொடுப்பதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிருக்குத் துணிந்து கிராமங்களுக்குச் சென்றனர். 80,000 கலம் தானியம் கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

அதன்பின் ஐயர் செய்ததையே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வந்தவர்கள் அனைவருக்கும் கூலியைக் கொடுத்துத் தீர்த்து, சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பினார். தம் சொல்லை நம்பி வந்தவர்களுக்குத் தாம் கடன்பட்டவர் என்பதை அவர் மறக்கவில்லை.

இன்று நம் நடுவில் நடப்பதென்ன? ஜெபித்து முடித்த ஒருவர், “சுகம் கிடைத்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்” என்கிறார். சர்க்கரை நோயுள்ள தாயார் அதை நம்பி நிறுத்திவிடுகிறார். அவர் மருத்துவமனையில் கிடக்கும்போது, ஜெபித்தவர் வேறோர் ஊர்க் கூட்டத்தில் இருக்கிறார். இந்த மாதமே மகளுக்குத் திருமணம் என்று உரைத்தவர், மாதம் கடந்தபின் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மாத்திரையை நிறுத்துவது மருத்துவர் முடிவுசெய்யவேண்டியது. ஜெபிக்கிறவர் அதைச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பலித்த நாளில் சாட்சி சொல்ல வருகிறவர், பலிக்காத நாளில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து அழவும் வரவேண்டும்.

இப்படிச் சொல்வது ஆவியை அவித்துப்போடுவதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆவியை அவிக்காதிருக்கும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே பவுல், அடுத்த வரிகளிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார். தீர்க்கதரிசனம் உரைப்பவரை மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்று கொரிந்தியருக்கும் எழுதுகிறார். சோதனைக்கு உட்பட மறுக்கும் வரம் சபைக்கு ஆபத்தானது.

பிரியமானவர்களே, உங்கள் வரம் பாடலோ, போதனையோ, ஜெபமோ, சமையற்கட்டில் செய்யும் உதவியோ, எதுவாயினும் இவ்வாரம் ஒன்றைச் சிந்தியுங்கள். என் சொல்லை நம்பி யார் காத்திருக்கிறார்? அவருக்கு நான் இன்னும் செய்யவேண்டியது என்ன? அந்த வீட்டுக்கு இவ்வாரமே சென்று வாருங்கள்.

வரங்களைத் தந்த கர்த்தர், அவற்றை அன்போடு நிறைவேற்றும் உண்மையையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.