ராத்திரி ஆனால் 'ஆப்' ஆகும் ஓட்டல் பிரீசர்... ரெய்டில் சிக்காத கோளாறு!

நாமக்கல்:

ஓட்டல்களில் ரெய்டு என்றாலே செய்தி ஒரே மாதிரிதான். கெட்டுப்போன சிக்கன் கிலோ கணக்கில் பறிமுதல், பினாயில் ஊற்றி அழிப்பு, அபராதம், நோட்டீஸ். மறுநாள் போட்டோ வரும். அதோடு விஷயம் முடிந்துவிடும். அந்த சிக்கனை கெடவிட்ட பிரீசர் மட்டும் அதே மூலையில், அதே பிளக்கில், அதே கோளாறோடு ஓடிக்கொண்டிருக்கும்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லையே உலுக்கிய சம்பவத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷவர்மா உள்ளிட்ட அசைவ உணவு சாப்பிட்ட 14 வயது மாணவி பரிதாபமாக உயிரிழந்தார். 40-க்கும் மேற்பட்டோர் வாந்தி, மயக்கத்துடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தனர். ஓட்டலுக்கு சீல் வைக்கப்பட்டது, கைது நடவடிக்கையும் பாய்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கேரள மாநிலம் காசர்கோடு மாவட்டத்தில் 16 வயது மாணவி ஷவர்மா சாப்பிட்டு இறந்தார். பச்சை முட்டை மயோனைசுக்கு தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை போட்டது.

ஷவர்மாவுக்கு தடை, மயோனைசுக்கு தடை என்று பொருள் பொருளாக தடை போடலாம். ஆனால் இறைச்சி, முட்டை, பால், மாவு எல்லாம் போய் உட்காரும் இடம் ஒன்றுதான். அதை யாரும் திறந்து டிகிரி பார்ப்பதில்லை என்பதுதான் கொடுமை.

சட்டம் சொல்வது என்ன?

உணவு பாதுகாப்பு விதிமுறைகளில் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. பிரிட்ஜில் வைக்கும் உணவு 5 டிகிரிக்கு கீழே, பிரீசரில் உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். 5-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பது கிருமிகளுக்கு விருந்து. சாதகமான சூட்டில் சில வகை கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகும். ராத்திரி 11 மணிக்கு கொஞ்சமாக இருந்தது, காலை 6 மணிக்கு எங்கே போய் நிற்கும் என்று கணக்கு போட்டுக் கொள்ளலாம்.

'அதான் நல்லா கொதிக்க வச்சிடுறோமே' என்பார்கள் மாஸ்டர்கள். இங்கேதான் ஏமாறுகிறார்கள். சூடு காட்டினால் கிருமி சாகும், சரி. ஆனால் சில கிருமிகள் உணவிலேயே கக்கி வைத்த விஷம் கொதித்தாலும் போகாது. வெளியே கிடந்த பழைய சோற்றை மறுநாள் பிரைடு ரைஸ் போட்டால் வாந்தி வருவது இதனால்தான். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தப்பு. பெரும்பாலானவை தூங்கத்தான் செய்யும். ஐஸ் உருகினால் எழுந்துவிடும்.

கரண்டு பில் பயம்

ராத்திரி கடை சாத்தும்போது லைட், பேனோடு பிரீசர் சுவிட்சையும் தட்டிவிட்டு போகும் பழக்கம் சின்ன ஓட்டல்களில் உண்டு. கமர்ஷியல் கரண்டு கட்டணம் அப்படி. வாடகை, கேஸ் சிலிண்டர், ஆள் கூலி என்று விழி பிதுங்கும் முதலாளிக்கு, ராத்திரி பூரா ஓடும் கம்ப்ரசர் சத்தமே காசு கரைகிற சத்தமாக கேட்கும். அவரை வில்லனாக்கி பிரயோஜனம் இல்லை. ஆனால் கணக்கு தப்பு.

கரண்டு போனால், கதவை திறக்காமல் வைத்திருந்தால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய பிரீசர் 2 நாள் வரை தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். இது நல்ல ரப்பர், நல்ல கண்டிஷனில் உள்ள பெட்டிக்கு. அடுப்புக்கு பக்கத்தில் வெந்து நிற்கும் செகண்ட் ஹேண்ட் பெட்டிக்கு இந்த கணக்கு செல்லாது. அதோடு, ராத்திரி ஏறிய சூட்டை இறக்க காலையில் கம்ப்ரசர் மூச்சு விடாமல் ஓடும். மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

நிஜமாகவே பில் குறைய வேண்டுமா? பெட்டிக்கு பின்னாலோ அடியிலோ இருக்கும் கண்டன்சர் காயிலை பார்த்தால் போதும். வீட்டு பிரிட்ஜில் அங்கே தூசிதான் படியும். ஓட்டலில் எண்ணெய் புகையும் மாவும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருந்து இழுத்த சூடு வெளியே போக வழி இல்லை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே கூலிங் ஏறாது. 'கேஸ் போயிடுச்சு சார்' என்று காசு வாங்கி கேஸ் ஏற்றுவார்கள். நிறைய இடத்தில் கேஸ் போயிருக்காது, காயில்தான் அடைத்திருக்கும். மாதம் ஒரு தடவை பிளக்கை பிடுங்கிவிட்டு, பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே தேய்த்தால் வேலை முடிந்தது. சுவரில் இருந்து அரை அடி தள்ளி வைப்பதும் முக்கியம்.

கேஸ் விஷயத்தில் இன்னொரு உஷார். புது பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 என்ற கேஸ் இருக்கிறது. அது வேறொன்றும் இல்லை, புரொபேன். தீப்பற்றக் கூடியது. பழைய கேஸ் பெட்டி மாதிரி நினைத்து அடுப்பு எரியும் சமையலறையிலேயே வெல்டிங் வைத்தால் விபரீதம்தான். பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை படிக்கத் தெரிந்த மெக்கானிக்கை கூப்பிட வேண்டும்.

கதவு ரப்பர் போனதை கண்டுபிடிக்க ஒரு 10 ரூபாய் நோட்டு போதும். நோட்டை நடுவில் வைத்து கதவை சாத்தி இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அவுட். குளிர் ராத்திரி பகலாக வெளியே ஒழுகுகிறது என்று அர்த்தம். சப்பாத்தி மாவும் குழம்பும் ஒட்டிய ரப்பரை சோப்பு தண்ணீரில் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

தெர்மோஸ்டாட் திருகில் பெரிய குழப்பம். அதில் இருக்கும் 1, 2, 3 எல்லாம் டிகிரி இல்லை. பெரும்பாலான பெட்டிகளில் நம்பர் ஏற ஏற கூலிங் அதிகம். 5 டிகிரி வேண்டும் என்று 5-ல் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுக்குவதிலும் கோட்டை விடுகிறார்கள். பச்சை இறைச்சி மேல் தட்டில், சமைத்தது கீழ் தட்டில். ரத்தத் தண்ணீர் சொட்டினால் எதில் விழும்? பச்சை இறைச்சி எப்போதும் மூடி போட்டு அடியில்தான் இருக்க வேண்டும். சைவம், அசைவம் தனித்தனி. ஒரு அண்டா சூடான சாம்பாரை அப்படியே உள்ளே தள்ளினால் அதுவும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும். அகலமான தட்டுகளில் பிரித்து, ஆவி அடங்கியதும் வைக்க வேண்டும். காற்று போக இடம் விடாமல் திணித்தால் எந்த கம்பெனி பெட்டியும் தோற்றுப்போகும்.

சாப்பிட்டவர் இறந்தால் பாதுகாப்பற்ற உணவு விற்றதற்கு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை, 10 லட்சத்துக்கு குறையாத அபராதம். இழப்பீடு குறைந்தது 5 லட்சம். இது எல்லாம் 2006-ம் ஆண்டு சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சாவு விழுந்த பிறகு பாயும் சட்டம் இது. அதற்கு முன்னால் தினம் இரண்டு வேளை டிகிரி குறித்து வைக்கும் நோட்டு எத்தனை கடையில் இருக்கிறது என்று ரெய்டுக்கு போகிறவர்கள் கேட்க வேண்டும். பறிமுதல் கிலோ கணக்கை சொல்வது போல, எத்தனை பிரீசர் மைனஸ் 18-ல் இருந்தது என்ற கணக்கையும் வெளியிடலாமே.

மாதாந்திர பராமரிப்பு மின்தடை நாளில் இதை சோதிப்பது ரொம்ப சுலபம். காலை 9 மணிக்கு போன கரண்டு மதியத்துக்கு மேல் வந்ததும், நேராக பிரீசரை திறந்து தெர்மாமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். ஐஸ் உருகி, பாக்கெட் தொளதொளவென்று இருந்தால் அது அன்றைக்கே சமைக்க வேண்டியது, அல்லது குப்பைக்கு போக வேண்டியது. திரும்ப உறைய வைத்து மறுநாள் கொத்து பரோட்டாவுக்கு எடுப்பதற்கு இல்லை.