சிற்றூரை நிர்வகிக்க யார் வருவார்?

அரசாங்க வேலை என்றதும் நம் மாணவர்களுக்குப் புத்ராஜெயாதான் நினைவுக்கு வருகிறது. சிறு பட்டணத்தின் மாவட்ட மன்றத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமுண்டு.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஸ்டான்டன் என்ற சிறு நகரம், 1908-இல் சார்ல்ஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியியலாளரை நகர நிர்வாகியாக நியமித்தது. அந்தப் பதவி பிறந்ததே அங்குதான். பின்னர் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கொள்கையை முடிவு செய்யும். வரவு செலவு, சாலை, குடிநீர், ஊழியர்கள் எல்லாம் நிர்வாகியின் பொறுப்பு. மன்றத்துக்குப் பிடிக்காவிட்டால் வேலை போகும்.

சிற்றூரில் இது இன்னும் கடினம். காலையில் கணக்கு, மதியம் உடைந்த குழாய். வரியை உயர்த்தப் பரிந்துரைத்தவரை மாலையில் மளிகைக் கடையிலேயே ஊர்க்காரர்கள் நிறுத்திக் கேட்பார்கள். கோப்புக்குப் பின்னால் ஒளிய முடியாது.

நம் நாட்டில் 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. மன்றத் தலைவரையும் உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. கால்வாய் அடைத்துக் கிடந்தால் ஓட்டுப் போட்டு யாரையும் மாற்ற முடியாது. அலுவலகத்தில் காது கொடுக்கும் அதிகாரியைத்தான் நம்ப வேண்டும். அந்த நாற்காலியில் ஊரை அறிந்த பிள்ளை அமர்வதா, மாற்றலுக்கு நாள் எண்ணுபவர் அமர்வதா? நகரத் திட்டமிடலோ கணக்கியலோ படிப்பவர்களே, விண்ணப்பிக்கும்போது மாவட்ட மன்றத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.