புல்லுக்கு ஒரு வாய் வேண்டும்

எடப்பாடியில் தறிச் சத்தம் இல்லாத தெரு குறைவு. அந்தத் தெருக்களில் புதிதாக எழும் வீடுகளில் இரண்டு சங்கதிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வாசலில் கொரியன் கார்பெட் புல். சுற்றுச்சுவரை ஒட்டி, நரிவால் போலக் கதிர் வளைந்து தொங்கும் அழகுப்புல். முன்பெல்லாம் அந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை இருக்கும். மாடு போன பிறகு புல் வந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது இந்த வரிசைதான்.

மற்ற செடிகளுக்கு வளர்முனை நுனியில். புல்லுக்கோ மண்ணை ஒட்டி, தூரில். அதனால்தான் மாடு கடித்தாலும் அரிவாள் பட்டாலும் மறுபடி தழைக்கிறது. கடிக்கவும் அறுக்கவும் ஆளில்லாவிட்டால் பழைய தாள் காய்ந்து தூருக்குள்ளேயே தங்கிவிடும். முதல் வருஷம் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருஷம் போனால் வெளியே பச்சை, உள்ளே முழுக்கச் சருகு. விதை தின்ன எலி வரும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். சரி, நாமே சுத்தம் செய்துவிடலாம் என்று வெறுங்கையை விட்டால் தாள் அறுக்கும். புல் தன் இலையில் மண்ணிலிருந்து எடுத்த சிலிக்காவைச் சேர்த்து வைத்திருக்கிறது. கரும்புக் காட்டில் சோகை உரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நரிவால் கதிருள்ள அந்தப் புல்லின் பெயர் பென்னிசெட்டம். நம்முடைய கம்புக்கு நெருங்கிய சொந்தம். சொந்த ஊர் வட ஆப்பிரிக்காவும் அரேபியாவும். வறட்சி அதற்குப் பழகிய விஷயம். தண்ணீர் கேட்காது என்று சொல்லி விற்பது பொய்யில்லை. ஆனால் தண்ணீர் கேட்காத செடி வேலியோடு நிற்பானேன்? பச்சை இலை ரகத்தின் விதையைக் காற்று அள்ளிக்கொண்டு போகும், மண்ணில் பல வருஷம் காத்துக் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதைப் பரவும் அந்நியத் தாவரங்களின் பட்டியலில் சேர்த்து, விற்பதற்கும் வளர்ப்பதற்கும் தடை போட்டது. செந்நிற இலை ரகம் பெரும்பாலும் முளைக்கும் விதை கட்டுவதில்லை. நர்சரியில் இந்த வேறுபாட்டை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

நம் கொழுக்கட்டைப் புல்லின் கதையையும் சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி கட்டிய கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் காங்கயம் மாடு தின்று வளர்வது அதைத்தான். இங்கே அது சொத்து. அதே புல்லைத் தீவனத்துக்கென்று அமெரிக்காவின் அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். அது மேய்ச்சல் நிலத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் பரவி, நெருப்புக்குப் பழகாத கள்ளிக்காடுகளுக்குத் தீயைக் கூட்டி வந்தது. ஹவாய்த் தீவுகளில் லஹைனா ஊர் 2023 ஆகஸ்டில் எரிந்து சுமார் 100 பேர் மாண்டபோதும் இதே வகைப் புற்கள் பேச்சில் அடிபட்டன. அந்த ஊர்க் கரும்பாலை 1999இல் மூடியது. கரும்பு நின்ற நிலத்தைக் கினியாப் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் பிடித்துக்கொண்டன. அறுக்க ஆளில்லை, மேய மாடில்லை. கோடையில் எல்லாம் விறகாகிவிட்டது. எடப்பாடி வீட்டுத் தோட்டம் லஹைனா ஆகிவிடும் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த தூருக்குப் பக்கத்தில் பஞ்சும் நூலும் அடுக்கிய தறிப்பட்டறை இருக்கிறது என்பதை மறக்கவும் முடியவில்லை.

கார்பெட் புல்லின் கணக்கு வேறு. ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 200 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கும்போது, வாசல் புல் ஒன்றரை ஆள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கிறது. பாளம் பாளமாகப் பெயர்த்து வரும் புல்லோடு கோரைக்கிழங்கும் ஒட்டிக்கொண்டு வரும். மேலே பிடுங்கினால் அடியில் சங்கிலி போட்ட கிழங்குகள் மறுபடி முளைக்கும். வெள்ளாமைக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காட்டைவிட்டு விரட்டப் பார்த்த களையை நாம் காசு கொடுத்து வாசலுக்கு அழைக்கிறோம்.

புல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டிவேர் வையுங்கள், எலுமிச்சைப்புல் வையுங்கள். அறுத்துப் பயன்படுத்த ஒரு காரணம் இருக்கும். பச்சை நரிவால் புல் ஏற்கெனவே வீட்டில் நின்றால், கதிர் காய்ந்து பறப்பதற்கு முன் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கம்பால் தூரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடியோடு அறுத்துவிடுங்கள்.