சந்தையும் கல்விச்சாலையும்

கீழக்கரை வள்ளல் சீதக்காதி உமறுப்புலவரை ஆதரித்தார் என்பதும், சீறாப்புராணம் நிறைவுறுமுன் அவர் மறைந்துவிடவே பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பணிக்குத் துணைநின்றார் என்பதும் இலக்கிய வரலாறு கூறும் செய்திகள். இருவரும் வணிகர்கள். மரக்கலத்தில் ஏறும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் விலைபேசத் தெரிந்த அவர்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட ஒரு காப்பியத்துக்கு விலைபேசவில்லை. சந்தையை நன்கறிந்தோர், சந்தைக்கு வெளியே வைக்கத்தக்கன சில உண்டு என்பதையும் அறிந்திருந்தனர் எனலாம்.

தமிழகத்து முஸ்லிம் கல்லூரிகள் அம்மரபின் வழிவந்தவை. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955இலும் தோன்றின. இவற்றை எழுப்பியது அரசன்று. சமுதாயப் பெருமக்களின் அறக்கொடை. ஆயின் அவ்வறக்கொடை தனித்து நிற்கவில்லை. நிலமும் கட்டடமும் நிருவாகத்தார் தர, ஆசிரியர் ஊதியத்தை அரசு மானியமாக வழங்கிற்று. 'அரசு உதவி பெறும் கல்லூரி' என்னும் இவ்வேற்பாட்டினால், தோல் பதனிடும் தொழிலாளியின் பிள்ளையும் சிறு கட்டணம் செலுத்திப் பட்டம் பெற்றான். 'பெற்றான்' என ஆண்பாலில் எழுதியது தற்செயலன்று. காரணம் பின்னர் வரும்.

1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பின், அரசு எதற்குச் செலவிடலாம், எதைச் சந்தைக்கு விட்டுவிடலாம் என்னும் வினா வலுப்பெற்றது. உயர்கல்வியின் பயன் கற்பவனுக்கே பெரிதும் சேருகிறது, ஆதலின் செலவை அவனே ஏற்கவேண்டும் என்பது சந்தைவாதிகளின் வாதம். பல்கலைக்கழக மானியக்குழு அமைத்த நீதிபதி புன்னையா குழு, 1993இல் அளித்த அறிக்கையில், பல்கலைக்கழகங்கள் தம் நடைமுறைச் செலவில் 15 விழுக்காட்டை முதல் ஐந்தாண்டுகளிலும், 25 விழுக்காட்டைப் பத்தாண்டுகளுக்குள்ளும் தாமே திரட்ட முயலவேண்டும் என்றது. அது மிதமான குரல். 2000ஆம் ஆண்டில் முகேஷ் அம்பானியும் குமாரமங்கலம் பிர்லாவும் பிரதமரின் வணிக, தொழில் மன்றத்திற்கு அளித்த அறிக்கையோ, உயர்கல்வியைப் பயன்படுத்துவோரே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்னும் நெறியை வெளிப்படையாகவே முன்வைத்தது.

தமிழகம் அறிக்கைகளுக்காகக் காத்திருக்கவில்லை. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றலாயின. தொண்ணூறுகளில் கலை, அறிவியல் கல்லூரிகளும் அவ்வழியில் புகுந்தன. புதிய பாடப்பிரிவு தொடங்க அனுமதி கிடைக்கும்; 'சுயநிதி அடிப்படையில்' என்னும் ஒரு தொடர் அதனுடன் ஒட்டியிருக்கும். ஒரே வளாகத்தில் இரு கல்லூரிகள் பிறந்தன. மாணவர் வழக்கில் ஒன்று 'எய்டட்', மற்றொன்று 'செல்ஃப்'. பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாள் ஒன்று, பட்டமும் ஒன்று. கட்டணமும் ஆசிரியர் ஊதியமும் மட்டும் வேறு.

இவ்வேற்பாட்டைப் பழித்து எழுதுவது எளிது. ஆயினும் நடுவுநிலைமை தவறலாகாது. அரசின் மானியத்தை மட்டுமே எதிர்நோக்கியிருந்தால் கணினி அறிவியல் பல கல்லூரிகளுக்கு இன்னும் வந்திராது. அதனினும் முதன்மையாக, முஸ்லிம் கல்லூரிகள் சிலவற்றில் மகளிர்க்கென வகுப்புகள் தொடங்கப்பட்டது சுயநிதிப் பிரிவில்தான். வெளியூர் விடுதிக்கு மகளை அனுப்ப மனம் ஒப்பாத பெற்றோர், தெரிந்த நிருவாகம், உள்ளூர் வளாகம் என்றதும் இசைந்தனர். அவ்வாயிலைத் திறந்தது அரசன்று. கட்டணம் வாங்கிய சுயநிதிப் பிரிவே. இவ்வுண்மையை மறைத்துவிட்டுச் சந்தையை ஏசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அவ்வாயில் வழியே நுழைந்தவர்களுள் நானும் ஒருத்தி.

என் அண்ணன் காலை வகுப்பில், உதவி பெறும் பிரிவில் பயின்றார். நான் அதே கட்டடத்தில், அதே வகுப்பறையில், பிற்பகல் வகுப்பில் பயின்றேன். அவருடைய ஓராண்டுக் கட்டணம் வாப்பாவின் சட்டைப்பையிலிருந்தே வந்தது. என்னுடைய முதற்பருவக் கட்டணத்திற்கு உம்மாவின் வளையல் அடகுக்கடைக்குச் சென்றது. ஒரே பெற்றோர், ஒரே வருவாய், ஒரே பலகை. மகனுக்கு அரசு செலவிட்டது. மகளுக்குச் சந்தை விலை கூறிற்று.

அரசு பெண்களுக்கு எதிராக முடிவெடுத்தது என்று நான் கூறவில்லை. புதியனவற்றுக்கு மானியம் இல்லை என்று மட்டுமே முடிவெடுத்தது. கேட்பதற்கு இது எவர்பக்கமும் சாராத விதிபோல் தோன்றும். ஆனால் புதிதாக வருவோர் யார்? முதல் வரிசையில் வந்தோர் முன்பே அமர்ந்துவிட்டனர். அவர்களுடைய பாடப்பிரிவுகளுக்குக் கிடைத்த மானியம் பிந்திவந்த தலைமுறைகளுக்கும் தொடர்கிறது. கதவு சாத்தப்பட்ட பின்னர் வந்து சேர்ந்தோர், கல்லூரியையே காணாதிருந்த குடும்பத்துப் பெண்கள். பொதுச்செலவைக் குறைக்கும்போது அச்சுமை எல்லோர் தலையிலும் சமமாக இறங்குவதில்லை. பிந்திவந்தோர் தலையிலேயே இறங்குகிறது. சந்தைக்கொள்கையினர் நோக்கத் தவறியது இதனைத்தான்.

நிறுவனத்துக்குப் பணம் தராதே, மாணவர் கையில் கொடு என்பர் அவர்கள். மில்டன் ஃபிரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரையிலேயே இக்கருத்து உண்டு. நம் அரசும் ஓரளவு இவ்வழியில் செல்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவிக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகிறது. பின்னர் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோர்க்கும் விரிந்தது. நல்ல திட்டம், என் வகுப்பு மாணவியர் பலர் அதனால் படிப்பைத் தொடர்கின்றனர். ஆயின் அத்தொகையை எம் பிரிவு மாணவி என்ன செய்கிறாள்? கட்டணம் கட்டுகிறாள். உதவி பெறும் பிரிவு மாணவிக்கு அதே தொகை பேருந்துக்கும் நூலுக்கும் உணவுக்கும் பயன்படுகிறது.

கல்விக்கடன் இருக்கிறதே என்பர். வட்டிக்கு அஞ்சி வங்கிப்படி ஏறாத வீடுகள் நம்மிடையே பல. வேடிக்கை யாதெனில், அதே கட்டுரையில் ஃபிரீட்மன் தொழிற்கல்விக்குக் கூறிய வழி வட்டிக்கடன் அன்று; கற்பவரின் பிற்கால வருவாயில் ஒரு பங்கைப் பெறும் முறை. முதலீட்டாளரும் உழைப்பாளரும் இலாபத்தைப் பங்கிடும் முதாரபா முறைக்கு அது சற்றே நெருங்கியது. அமெரிக்கப் பேராசிரியரிடமிருந்து நம் வங்கிகள் வட்டியை மட்டும் கற்றுக்கொண்டன போலும்!

மாணவர் கையில் கொடுக்கும் பணத்தால் ஆகாதது மற்றொன்றும் உண்டு, ஆசிரியரை உருவாக்குதல். இவ்வாண்டு மாணவர் எதனை விரும்புகின்றனர் என்பதைக் கட்டணம் காட்டும். ஓர் ஆசிரியர் சுவடியும் உரையும் கற்றுத் தேர இருபதாண்டு ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதை அது காட்டாது. பகுதி ஒன்று தமிழ் இருப்பதனால் சுயநிதிப் பிரிவுக்கும் தமிழாசிரியர் தேவை. அவர்களுள் பலர் ஓய்வூதியமின்றி, உதவி பெறும் பிரிவு ஊதியத்தில் ஒரு சிறு பகுதியைப் பெற்று, மாலையில் தனிப்பயிற்சி நடத்திக் குடும்பம் காக்கின்றனர். உரையாசிரியர்களைப் படிக்க அவர்களுக்கு நேரம் ஏது? (எம்.ஃபில். பட்டத்தையே மானியக்குழு 2022இல் நிறுத்திவிட்டது. என் கையிலுள்ள சான்றிதழ் இனி அருங்காட்சியகப் பொருள்.)

மானியத்தைப் போற்றும் நாம் நம் குறையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அரசு ஊதியம் வழங்கும் பணியிடத்திற்குத் திரைமறைவில் விலை பேசப்படுவது தமிழகக் கல்வியுலகம் அறிந்த இரகசியம். சந்தை கூடாது என்ற இடத்தில் நாமே ஒரு சந்தை விரித்தோம். பொதுப்பணத்தைக் குறைக்க விரும்புவோர் கையில் இதைவிடக் கூரிய வாளை எவரும் கொடுத்திருக்க முடியாது. மாணவரே இல்லாத பாடப்பிரிவுக்கும் மானியம் கேட்பது மற்றொரு குறை. அத்தகைய இடங்களைப் பிற பிரிவுக்கு மாற்றுவதில் எனக்குத் தடையில்லை. அது தமிழே ஆயினும் சரி.

ஆகவே சந்தைவாதிகளின் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். தேவை இருந்தால் மாணவர் வருவர் என்றனர். வந்தனர். பதினைந்து, இருபது ஆண்டுகளாக இடம் நிரம்பிவரும் சுயநிதிப் பாடப்பிரிவுகள் அவர்களது தேர்விலேயே தேறிவிட்டன. அத்தகைய பிரிவுகளின் ஆசிரியர் ஊதியத்தை அரசு படிப்படியாக ஏற்கட்டும். முதற்படியாக மகளிர் பிரிவுகளை எடுத்துக்கொள்ளட்டும். நியமனம் வெளிப்படையான போட்டித்தேர்வின் வழியே நடக்கவேண்டும் என்று நிபந்தனை இடட்டும். சிறுபான்மை நிறுவனமாயினும் அவ்வளவுக்கு நிருவாகங்கள் இசையவேண்டும். மானியம் வரும் அளவுக்குக் கட்டணம் குறையட்டும். கொடுக்க இயன்றவர் கூடுதலாகக் கொடுக்கட்டும். அதிலும் எனக்கு மறுப்பில்லை.

இதற்கு நிதி எங்கே என்பர். அதே வினாவை 1951இலும் கேட்டிருக்கலாம். அன்றைய அரசின் கருவூலம் இன்றையதினும் சிறிது.

இவ்வாண்டு என் அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். தந்தை பயின்ற அதே கல்லூரி, அதே பாடம். பிற்பகல் வகுப்பு. கட்டண இரசீதை என்னிடம் காட்டிய அண்ணன், தம் காலத்து இரசீது ஒன்றையும் பழைய பெட்டியிலிருந்து தேடி எடுத்து, அதன் அருகில் வைத்தார்.