சிப்பிக்குக் கணக்கு உண்டு!

தூத்துக்குடியில் வெள்ளைக்காரன் நடத்திய முத்துச் சலாபத்தில், கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறு போடுவார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளிப்பாளிக்கு. சர்க்கார் பங்கை எண்ணி, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். பக்கத்துக் குமரியிலிருந்து கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அரசு ஒரு எண் சொன்னது, மீனவர்கள் வேறு எண் சொன்னார்கள். காணாமல் போனவர் பட்டியலைக் கோயில் கோயிலாக ஊர்க்காரர்களே எடுத்தார்கள். படகுக்குப் பதிவு எண், மீனவருக்கு அடையாள அட்டை, எல்லாம் இருந்தது. அன்று எந்தப் படகில் யார் போனார் என்ற ஒற்றை வரி மட்டும் இல்லை!

இப்போது படகில் சாட்டிலைட் கருவி பொருத்துகிறார்கள். நல்லது. ஆனால், கருவி படகைத்தானே காட்டும், ஆளையா காட்டும்? தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் நம்பர் இருக்கிறது, சரக்கு என்ன, யாருக்கு என்று காகிதம் இருக்கிறது. கடலுக்குப் போகிற மனுஷனுக்கு, புறப்படும்போது எழுத ஒரு நோட்டு, கலெக்டர் ஆபீசில் அதற்கொரு நகல். அவ்வளவுதான் கேட்கிறோம். அதற்குமா கஜானா காலி?