கஸ்டமர் திட்டினால் போனை வைக்கலாமா? கால் சென்டர் ஊழியர்களுக்கு சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

அக்கவுண்டில் பணம் பிடித்தாச்சு, ரீஃபண்ட் வரவில்லை. "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று கம்ப்யூட்டர் குரல் பத்து நிமிஷம் சுற்றவிட்ட பிறகுதான் ஒரு மனிதர் லைனில் வருகிறார். அதுவரை சேர்ந்த கோபம் மொத்தமும் அவர் தலையில் இறங்குகிறது. பணத்தைப் பிடித்தது அவர் இல்லை. திருப்பித் தரும் அதிகாரமும் பெரும்பாலும் அவரிடம் கிடையாது.

சரி, அவர் ஏன் போனை வைத்துவிடக் கூடாது?

எதிர்முனையில் என்ன நடக்கிறது?

ஒரு அழைப்பை சராசரியாக இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது டார்கெட். கஸ்டமர் தரும் ரேட்டிங் தனி. போதாக்குறைக்கு, பதிவான அழைப்புகளை குவாலிட்டி டீம் கேட்டு மார்க் போடும். ஊழியரே இணைப்பைத் துண்டித்தால் பல நிறுவனங்களில் அது 'ஃபேட்டல்' தவறு. மற்றதெல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் அந்த அழைப்புக்கு மார்க் பூஜ்ஜியம்தான். அந்த மாத இன்சென்டிவுக்கும் வேட்டு.

மிச்சமிருப்பது ம்யூட் பட்டன். இல்லையென்றால் "உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்" என்று ஸ்கிரிப்ட்டில் இருப்பதைத் திரும்பச் சொல்லலாம். (அதைக் கேட்டதுமே பலருக்குக் கோபம் இரட்டிப்பாவது வேறு கதை.) டீம் லீடருக்கு மாற்றலாம், அவர் ஃப்ரீயாக இருந்தால்.

உள்ளே கொதித்தாலும் வெளியே கனிவு காட்டி சம்பளம் வாங்கும் இந்த நிலையை 'உணர்ச்சி உழைப்பு' என்று 1983-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கினார் அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட். அதை ஒரு பணியிடப் பாதுகாப்புப் பிரச்னையாக சட்டத்தில் எழுதிய நாடு தென் கொரியா.

கொரியா என்ன செய்தது?

2018 அக்டோபரில் அங்கே தொழில் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. கஸ்டமரின் வசையால் ஊழியரின் உடல்நலமோ மனநலமோ பாதிக்கும் என்றால், வேலையைத் தற்காலிகமாக நிறுத்துவது அல்லது வேறு பணிக்கு மாற்றுவது நிறுவனத்தின் கடமை. இந்தப் பாதுகாப்பைக் கேட்டதற்காக ஊழியரைப் பழிவாங்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 கோடி வோன் வரை அபராதம். பேச ஆரம்பிக்கும் முன்பே, தகாத வார்த்தை பேச வேண்டாம் என்று பதிவுக் குரலில் எச்சரிப்பதும் இதன் பகுதி.

ஜப்பானின் டோக்கியோவில் கஸ்டமர் தொல்லைக்கு எதிரான விதிமுறை 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. ஆனால் மீறினால் தண்டனை கிடையாது. அதே நாட்டின் சாஃப்ட்பேங்க் நிறுவனம், கத்தும் குரலை ஏஐ மூலம் மென்மையாக்கிக் காட்டும் தொழில்நுட்பத்தை 2024-ல் அறிவித்தது. வார்த்தைகள் மாறாது, தொனி மட்டும் மாறும். கெட்ட வார்த்தையை அமைதியான குரலில் கேட்பதில் என்ன ஆறுதலோ!

இந்தியாவில் நிலைமை?

கால் சென்டர் ஊழியர்களுக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. பெண் ஊழியரிடம் ஆபாசமாகப் பேசினால் மட்டும் ஒரு பிடி இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன் 19-வது பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது. போலீஸில் புகார் கொடுக்க அந்தப் பெண் விரும்பினால் நிறுவனம் உதவ வேண்டும். பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 79-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆதாரம் தேட வேண்டியதும் இல்லை, ஒலிப்பதிவு கம்பெனி சர்வரிலேயே இருக்கிறது. ஆனால் அதை எடுத்துக் கொடுக்க வேண்டியது கம்பெனி. திட்டியவரோ அதன் கஸ்டமர். சிக்கல் இங்கேதான்.

ஆபாசமில்லாத வசை, ஆண் ஊழியர் வாங்கும் திட்டு எல்லாம் கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. இரண்டு முறை எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்க அனுமதிக்கும் இடங்கள் உண்டு. வேலைக்குச் சேரும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

நீங்கள் கஸ்டமரா?

கோபம் நியாயமாகவே இருக்கலாம். புகார் எண்ணை வாங்கிக்கொண்டு மேலே போங்கள். வங்கிப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாக முறையிடலாம். மற்ற பொருள், சேவைகளுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் போனை எடுப்பவர் ஒரு ஊழியர்தான்.